கேடயச் சுவரை நேரில் பார்த்த அனுபவம்

1066-இல் இங்கிலாந்து மன்னர் ஹெரால்டின் சாக்சன் படைக்கும், பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியமின் நார்மன் படைக்கும் நடந்தது ஹேஸ்டிங்ஸ் போர். அதை, அது நடந்த இடம் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் சரிவிலேயே மீண்டும் நடித்துக் காட்டுவார்கள். இடம், இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள பேட்டில் என்ற ஊர். போர் நடந்தது அக்டோபர் 14. அதையொட்டி வரும் வார இறுதியில்தான் வழக்கமாக இந்த நிகழ்ச்சியும் இருக்கும். நான் போனது முதல் முறை.

சண்டைக்கு முன் வீரர்களின் கூடாரங்களைச் சுற்றிப் பார்க்கலாம். சாக்சன் வேடத்தில் இருந்த ஒருவர், தன் இரும்பு வளையச் சட்டையைத் தூக்கிப் பாருங்கள் என்று கையில் கொடுத்தார். நிச்சயம் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். தோளில் போட்டால் பாரம் முழுக்க அங்கேயே அழுத்துகிறது. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டியதும் பாதி பாரம் இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. இதை எத்தனை புத்தகம் படித்தாலும் தெரிந்துகொள்ள முடியாது.

அப்புறம் சண்டை. மேட்டின் மேல் மன்னர் ஹெரால்டின் ஆட்கள் கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கிறார்கள். "அவுட்! அவுட்!" (வெளியே போ!) என்று கத்தியபடி கேடயத்தைத் தட்டும் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. கீழேயிருந்து நார்மன் குதிரைகள் ஏறி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏற்றத்தில் குதிரைக்கு வேகம் பிடிக்கவே முடியவில்லை. காலையில் தொடங்கிய போர் ஏன் பொழுது சாயும்வரை நீண்டது என்பதற்கு அந்தச் சரிவே பதில் சொல்லிவிடுகிறது.

வில்லியம் செத்துவிட்டான் என்ற வதந்தியில் நார்மன்கள் சிதறி ஓட, அவன் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டும் கட்டத்தில் கூட்டமே ஆர்ப்பரித்தது. ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு சாக்சன்கள் வரிசையை விட்டு இறங்கியபோது, ஹெரால்டு தோற்பார் என்ற முடிவு தெரிந்திருந்தும் "இறங்காதீங்கடா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். செப்டம்பர் 25-ஆம் தேதிதான் வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வேக்காரர்களை ஜெயித்துவிட்டு, அந்தக் களைப்போடு தெற்கே ஓடி வந்த மன்னனின் படை அது. மனசு கேட்கவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், கூடாரங்களுக்கு நேரம் வேண்டும். அக்டோபர் மழையில் புல் சேறாகிவிடும், நல்ல பூட்ஸ் அவசியம். சண்டை முடிந்ததும் கிளம்பிவிடாமல், வில்லியம் கட்டிய மடாலயத்தின் இடிபாடுகளையும் பாருங்கள். ஹெரால்டு விழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்.