எல்லாருக்கும் பொருந்திற உடுப்பு, லேபல்ல "சூழலுக்கு நல்லது" எண்டு போடலாமோ?

வட்டக்கச்சி தையல்:
வணக்கம், நான் வட்டக்கச்சியில வீட்டில வைச்சுத் தைக்கிறன், என்னோட மூண்டு அக்காமார் இருக்கினம். சின்னதா ஒரு பிராண்ட் தொடங்க யோசிக்கிறம், உடம்பு பெருத்தவை, மெலிஞ்சவை, கை கால் இழந்தவை, வீல்செயாரில இருக்கிறவை எல்லாருக்கும் பொருந்திற மாதிரி. போன தீபாவளிக்கு மாமியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன், ஃப்ரீ சைஸ் எண்டு குடுத்தது தோளுக்கு மேல ஏறேல்லை, மனிசி ஒண்டும் பேசாம வெளியில போய் வாங்கில இருந்திட்டா, அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. துணி கொழும்பில இருந்து கிலோக் கணக்கில வாற மிச்சத் துணிதான். லேபல்ல "சூழலுக்கு நல்லது" எண்டு போட்டா அது பொய்யாகுமோ?

முந்தி லைனில இருந்தவள்:
தங்கச்சி, முதல்ல உங்கட மனசுக்கு நன்றி. நான் ஏழு வருசம் காமென்ற்ஸ்ல இருந்தனான், வெட்டுற மேசைக்குக் கீழ ஒவ்வொரு நாளும் விழுற துணியைக் கண்டா வயிறு எரியும், நூற்றுக்குப் பதினைஞ்சு அளவு வெட்டேக்கையே கழிவாப் போகும் எண்டுதான் பொதுவாச் சொல்லுறவை. ஒரு கொட்டன் ரீசேட்டுக்கு 2,700 லீற்றர் தண்ணி எண்டு ஒரு கணக்கு இருக்கு, பயிரில இருந்து பார்த்தா. அதால மிச்சத் துணி எடுக்கிறது நல்ல விசயம்தான், ஆனா என்ன துணி எண்டு பார்த்து எடுங்கோ. ஓரத்தில ஒரு நூலை உருவி நெருப்பில பிடிச்சுப் பாருங்கோ, கொட்டன் எண்டா கடதாசி எரியிற மணம் வந்து சாம்பலாக் கொட்டுண்ணும், பொலியெஸ்ரர் எண்டா உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகிடும். எங்கட வெயிலுக்கு அது வேர்வையையும் உறிஞ்சாது, தோய்க்கத் தோய்க்க கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் நார் தண்ணியோட போகும்.
இன்னொண்டு, அந்த அக்காமாருக்கு என்ன குடுக்கப் போறீங்கள்? ராகெற், அதாவது ஒரு நாளைக்குத் தைச்சு முடிக்க வேண்டிய கணக்கு, முடியேல்லை எண்டு தண்ணி குடிக்கவும் எழும்ப விடாத இடத்தில நான் இருந்தனான். 2013 ஏப்ரலில டாக்காவுக்குக் கிட்ட ராணா பிளாசா எண்ட காமென்ற்ஸ் கட்டிடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்ததும் தைக்கிற சனம்தான், முதல் நாள் சுவரில வெடிப்பு இருக்கெண்டு கண்டும் அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட்டவை. தைக்கிறவள் வாடினா எந்தத் துணியில தைச்சாலும் அது நல்ல உடுப்பில்லை.

மாங்குளத்தான்:
தங்கச்சி, நான் 2009ல இருந்து வீல்செயார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. ஒருக்கா ஆசைப்பட்டு ஜீன்ஸ் போட்டன், பின் பொக்கெற்றில இருந்த சின்னச் செப்புக் குமிழ் அழுத்தினது எனக்குத் தெரியேல்லை, பின்னேரம் கழட்டேக்க புண், அது ஆற மூண்டு மாதம். அதால எங்களுக்குத் தைக்கேக்க பின் பொக்கெற் வேண்டாம், இருக்கிற இடத்தில தடிச்ச தையலும் வேண்டாம். பின்பக்கம் உயர்த்தி முன்பக்கம் பதிச்சு வெட்டுங்கோ, இல்லாட்டி குனியேக்க முதுகு தெரியும், முன்னால வயித்தில துணி குவியும். இருந்தா காற்சட்டை மேல ஏறும், நீளத்தைக் கூட்டுங்கோ. பொய்க்கால் போடுறவைக்குப் பக்கத் தையலில முழங்காலுக்கு மேல வரைக்கும் சிப் வைச்சா, காற்சட்டையைக் கழட்டாமலே காலைக் கழட்டிப் பூட்டலாம். ஒரு கையால தெறி பூட்டக் கஷ்டப்படுறவைக்குக் காந்தத் தெறி இருக்கு, ஆனா நெஞ்சில பேஸ்மேக்கர் வைச்சவைக்கு அது கூடாது, வெல்குரோவே காணும். நாங்களும் பாவம் எண்டு ஆரும் தாற சாரத்தோட காலத்தைக் கழிக்க வேணுமோ, கல்யாண வீட்டுக்கு வடிவா உடுத்திக்கொண்டு போக எனக்கும் ஆசைதான்.

வவுனியா நெசவு:
லேபல் பற்றி மட்டும் சொல்லுறன். ஓகோ டெக்ஸ் ஸ்ராண்டட் 100 (OEKO-TEX) எண்டு துணியில கண்டா ஓகானிக், அதாவது இரசாயன உரம் மருந்து போடாம விளைஞ்சது, எண்டு நினைக்காதேங்கோ, உடம்புக்குக் கூடாத இரசாயனம் இருக்கோ எண்டு சோதிச்சதுதான் அது. ஜி.ஓ.ரி.எஸ் (GOTS) எண்ட ஓகானிக் துணிச் சான்று வேற, அதில ஓகானிக் எண்டு போட 95 வீதம் ஓகானிக் நார் வேணும், தொழிலாளர் நிலைமையும் பார்ப்பினம். சேட்டிபிக்கற் இல்லாம அந்தப் பேர்களைப் போடவே கூடாது. "சூழலுக்கு நல்லது" எண்டதை விட்டிட்டு, என்ன துணி, எங்க மிஞ்சினது, தைச்சவைக்கு எவ்வளவு குடுத்தது எண்டு எழுதுங்கோ, ஆர் கேட்டாலும் பில்லைக் காட்டலாம்.

வட்டக்கச்சி தையல்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, இண்டைக்கே நூலை எரிச்சுப் பார்த்தம், பஞ்சுத் துணி எண்டு வாங்கினதில பாதி மணி மணியா இறுகினது, அதுகளைப் பை தைக்க ஒதுக்கிட்டம். ஒரு காற்சட்டைக்கு எவ்வளவு நேரம் போகுதெண்டு முதல் தைச்சுப் பார்த்துத்தான் கூலி போடப் போறம். மாங்குளம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோட வாறன், எழும்ப வேண்டாம், இருந்தபடியே அளவெடுப்பம். கல்யாண வீட்டுக்கு என்ன நிறம் வேணும் எண்டு மட்டும் யோசிச்சு வையுங்கோ.