சேலத்தில் தெருப் பத்திரிகை: இருபது ரூபாய் இதழ் நிற்குமா?

(பேசுகிறவர்களின் பெயருக்குப் பதில் அவரவர் இடத்தின் பெயர்.)

கன்னங்குறிச்சி:
வீடில்லாதவர்களே விற்கும் மாத இதழ் ஒன்று சேலத்துக்கு வேண்டும். 1989-ல் நியூயார்க்கில் 'ஸ்ட்ரீட் நியூஸ்' வந்தது. அதைப் பார்த்து ஜான் பேர்டும் கார்டன் ரோடிக்கும் 1991-ல் லண்டனில் 'தி பிக் இஷ்யூ'வைத் தொடங்கினார்கள். 1994-ல் இப்படிப்பட்ட பத்திரிகைகள் சேர்ந்து ஒரு சர்வதேச வலையமைப்பு அமைத்தன. அதன் தலைமையகம் கிளாஸ்கோ. உறுப்பினர்கள் கட்டுரைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள்.

விற்பவர் இதழைப் பாதி விலைக்குக் காசு கொடுத்து வாங்குகிறார், முழு விலைக்கு விற்கிறார். இடையில் உள்ளது அவருடைய பணம். நாம் 20 ரூபாய் விலை வைத்தால் அவருக்கு 10. பத்துப் பேரோடு, 2,000 பிரதியோடு ஆரம்பிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை:
நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லைங்க. கணக்கில்தான் சண்டை. கால் டெம்மி அளவு, அதாவது எட்டரைக்குப் பதினொன்று அங்குலம், 16 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 23×36 அங்குலத் தாள் ஒன்றில் ஒரு பிரதி முழுதாக அடங்கும். 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாளில் ஒரு தாள் ஏறக்குறைய 32 கிராம். வீணாகும் தாளையும் சேர்த்து 2,150 தாள், 69 கிலோ. கிலோ 90 ரூபாய் என்று போட்டால் 6,200. ஒரு பக்கம் நான்கு கலர், மறுபக்கம் கறுப்பு. நிறத்துக்கு ஒன்றாக ஐந்து பிளேட் (அச்சுத் தகடு), அதற்கு 2,000. மெஷினில் அச்சடிக்கும் ஓட்டுக்கூலி 5,000. மடிக்கவும் பின் அடிக்கவும் பிரதிக்கு ஒரு ரூபாய், ஆக 2,000. மொத்தம் 15,200. பிரதி ஒன்றுக்கு ஏழு ரூபாய் அறுபது காசு.

விற்பவர் தரும் பத்தில் உங்களிடம் மிஞ்சுவது 2.40. இரண்டாயிரமும் போனால் 4,800 ரூபாய். அதில் ஒரு ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? 1,000 பிரதி போதும் என்று இறங்கினால் இன்னும் மோசம். பிளேட் செலவு அப்படியே நிற்கும், ஓட்டுக்கூலியும் பெரிதாகக் குறையாது. பிரதியின் அடக்க விலை பத்து ரூபாயைத் தாண்டிவிடும். பேப்பர் விலை ஏறும், இறங்கும். கணக்கின் போக்கு இதுதான்.

கன்னங்குறிச்சி:
கணக்கு சரி. விற்பனைப் பணத்தில் மட்டும் எல்லாம் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. விளம்பரமும் நன்கொடையும் வேண்டும். பின் அட்டையை உள்ளூர் ஜவுளிக்கடைக்கோ மருத்துவமனைக்கோ கொடுத்தால் ஓட்டுக்கூலி அங்கேயே வந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை:
சரி, விற்பவர் பக்கம் பாருங்கள். இரண்டாயிரம் பிரதியில் பத்துப் பேருக்குக் கிடைப்பது மொத்தம் 20,000. தலைக்கு மாதம் 2,000. சித்தாள் வேலைக்குப் போனால் சில நாளில் இதைச் சம்பாதிக்கலாம். இதைப் பிழைப்பு என்று சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

அம்மாபேட்டை:
சித்தாள் வேலைக்குப் போக முடிந்தவருக்கா இந்தத் திட்டம்? கால் முறிந்து சரியாகக் கூடாதவர், அறுபதைத் தாண்டியவர், நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாதவர், இவர்களை எந்த மேஸ்திரியும் கூப்பிடமாட்டார். முப்பது பிரதி ஒரு கிலோகூட இல்லை, தோள்பையில் தூக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 300 ரூபாய் வேண்டுமென்றால் முப்பதும் விற்க வேண்டும். அதனால் பத்துப் பேர் அதிகம். நான்கு பேரோடு ஆரம்பியுங்கள். ஆளுக்கு 500 பிரதி, மாதம் 5,000 ரூபாய்.

செவ்வாய்ப்பேட்டை:
நான்கு பேர் என்றால் ஒப்புக்கொள்கிறேன். விற்காத பிரதியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? எடுக்கவில்லை என்றால், மழை பெய்த நாளின் நஷ்டம் ஊரிலேயே ஏழையான ஆளின் தலையில் விழுகிறது.

அம்மாபேட்டை:
எடுக்கக் கூடாது. ரிட்டன் உண்டு என்றால் கட்டுக் கட்டாக வாங்கிப்போய் நனைந்ததையும் கசங்கியதையும் திருப்பித் தருவார்கள். இரண்டாவது மாதமே அச்சகத்துக்குப் பாக்கி நிற்கும். நஷ்டத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. முதல் நாள் பத்துப் பிரதி இலவசம். அதை விற்ற 200 ரூபாயில் அடுத்த இருபதை அவரே வாங்கலாம். தினமும் காலையில் பத்துப் பத்தாகக் கொடுங்கள், ஒரு வாரத்துக்கானதை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கடன் கூடவே கூடாது. கடன் ஏறியவர் நம்மைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார், அப்புறம் வரவேமாட்டார்.

ஏரி ரவுண்டானா:
ஏற்காட்டையும் சேருங்கள். சனி, ஞாயிறு படகுத்துறைப் பக்கம் நிற்கும் கூட்டம் சேலத்தில் எங்கும் கிடைக்காது. மே மாதக் கோடை விழா வேறு.

செவ்வாய்ப்பேட்டை:
வருகிறவர்களில் பெங்களூர்க்காரர்கள் நிறைய. தமிழ் இதழை எதற்கு வாங்குவார்கள்? இரக்கப்பட்டு இருபதைக் கொடுத்துவிட்டு "புக்கு வேண்டாம்பா, வெச்சுக்கோ" என்பார்கள். அதோடு மேப்லித்தோ தாள் பனியில் ஒரே காலையில் சுருண்டுவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் பஸ் செலவை யார் ஏற்பது?

அம்மாபேட்டை:
அந்த "வெச்சுக்கோ"தான் ஆபத்து. இதழைக் கொடுக்காமல் காசு மட்டும் வாங்கினால், 1945-ஆம் ஆண்டுப் பிச்சை தடுப்புச் சட்டத்தைக் காட்டி விரட்ட வருகிறவருக்கு நாமே காரணம் கொடுத்த மாதிரி. இதழைக் கையில் கொடுத்த பிறகே காசு வாங்க வேண்டும். பயிற்சியில் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும். எண் போட்ட பேட்ஜ், ஒரே நிறச் சட்டை, ஆளுக்கு ஒரு நிலையான இடம், குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு விற்பனை கிடையாது. ஒவ்வொரு மாதமும் அட்டை நிறத்தை மாற்றுங்கள், பழைய இதழை யாராவது விற்றால் தூரத்திலேயே தெரியும்.

இடமும் முக்கியம். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அனுமதியில்லாமல் விற்றால் ரயில்வே சட்டம் 144-ஆம் பிரிவு. புது பஸ் ஸ்டாண்டுக்குள் கடலை, வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஏற்கெனவே இடம் பிரித்துவைத்திருக்கிறார்கள், அவர்களோடு பேசாமல் நுழையக் கூடாது. 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள்தான். அவர்களிடம் முதலில் போங்கள். ஐந்து ரோடு, சாரதா கல்லூரி ரோடு, ஆடியில் கோட்டை மாரியம்மன் கோவில் வாசல், இவை போதும். ஏற்காடு இரண்டாம் வருடம் பார்க்கலாம்.

கன்னங்குறிச்சி:
ஏற்காடு பிறகு என்பதை ஏற்கிறேன். ஜிபே பற்றி யாரும் பேசவில்லையே? ஸ்டாக்ஹோமில் 'சிட்டுவேஷன் ஸ்தல்ம்' விற்பவர்கள் 2013-லேயே கார்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே "சில்லறை இல்லை" என்று சொல்லியே பாதிப் பேர் போய்விடுவார்கள்.

அம்மாபேட்டை:
விற்பவரிடம் வங்கிக் கணக்கும் போனும் இருக்காது. ஆளுக்கு ஒரு க்யூஆர் அட்டை, பணம் அமைப்பின் கணக்குக்கு. போன் இல்லாதவரிடம் போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவார்கள், அதனால் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி வேண்டும். பக்கத்து டீக்கடையில் சார்ஜ் போட ஏற்பாடு செய்யுங்கள். முக்கியமானது, அன்றைய பணம் அன்று சாயங்காலமே அவர் கைக்கு ரொக்கமாக வர வேண்டும். திங்கட்கிழமை தருகிறோம் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குக் காசில்லாமல் கையிலுள்ள பிரதிகளைப் பத்து ரூபாய்க்கே தள்ளிவிடுவார். மறுநாள் பக்கத்து இடத்தில் நிற்பவரிடம் யாரும் இருபதுக்கு வாங்கமாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
அப்படியானால் தினமும் காலையில் பத்துப் பத்தாகக் கொடுக்கவும் சாயங்காலம் பணம் பட்டுவாடா செய்யவும் ஓர் ஆள் வேண்டும். நான் முதலில் கேட்டது அந்த ஆளைப் பற்றித்தான். நான்கு பேருக்குக் கையில் காசு வருவதும் வராததும் அவரைப் பொறுத்தது. 4,800 ரூபாயில் அவர் வரமாட்டார்.

கன்னங்குறிச்சி:
ஆறு மாதச் சம்பளத்தை முதலில் திரட்டுவோம். பத்திரிகைப் பதிவு 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்போது ஆன்லைனில்தான். தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை:
சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு விண்ணப்பியுங்கள். அதற்கு முன்னால் ஒருவர் கழுத்திலும் பேட்ஜ் மாட்டாதீர்கள். இரண்டு இதழோடு நின்றுபோனால், நம்மை நம்பி ஐந்து ரோட்டில் நின்றவர் மறுபடி பழைய இடத்துக்கே போவார். அந்த உறுதி கிடைத்தால் முதல் இதழின் பக்க அமைப்பையும் பிளேட் வேலையையும் நானே கூலியில்லாமல் பார்த்துத் தருகிறேன்.