போர்க் கதையில் முனியும் கொள்ளிவாய்ப் பிசாசும்

கேள்வி:
வணக்கம். இலங்கைப் போரில் இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறியபோது, 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் கிழக்கே தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்ததை, எட்டு வயதுச் சிறுமியின் பார்வையில் சிறுகதையாக எழுதி வருகிறேன். குண்டுவீச்சு விமானம் அவளுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசாகவும் படையினர் அரக்கர்களாகவும் தெரிகிறார்கள். இது பெரியவர் போட்டுவிட்ட வேடம் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 1:
நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஹெலியையும் (ஹெலிகொப்டர்) பொம்மரையும் (குண்டுவீச்சு விமானம்) சத்தத்திலேயே பிரித்தறிந்தார்கள். செல் (எறிகணை) குத்தும் ஓசை கேட்டதுமே பங்கருக்குள் (பதுங்குகுழி) இறங்கப் பழகியவளுக்குப் பிசாசு எதற்கு? பொம்மரைப் பொம்மர் என்றே அவள் சொல்லட்டும். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகி, ஜாம்போத்தலுக்குள் பஞ்சை நனைத்துத் திரியேற்றிய வெளிச்சத்தில், அவள் அழாதிருக்க அம்மம்மா சொல்வதாகப் பேய்க்கதை வரலாம்.

மறுமொழி 2:
அம்மம்மாவிடம் மட்டும் விட்டுவிட்டால் கதை சப்பென்று போய்விடும். நம் ஊர்ப் பேய்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முனி தன் மரத்தை விட்டு வராது; உச்சிப்பொழுதில் அதன் கீழே போகாதவரை அடிக்காது; கையில் இரும்பு இருந்தால் பேய் அண்டாது. இதையெல்லாம் நம்பிச் சட்டைப்பையில் பழைய திறப்பொன்றை (சாவி) வைத்திருக்கும் பிள்ளை, முற்றத்தில் விழுந்த செல் துண்டைத் தொட்டுப் பார்த்து அதுவும் இரும்புதான் என்று அறியும் இடத்தை எழுதிப் பாருங்கள். அதற்கு உருவகமே வேண்டாம்.

மறுமொழி 3:
அரக்கர் என்ற சொல்லில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. திருக்கோணமலையில் இராவணன் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டைக் காட்டி, அவன் சிவபக்தன் என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு அரக்கன் என்பது வெறும் வசைச்சொல் ஆகாது. அதனால் படையினரை அவள் நேரில் காணாமல் இருப்பதே நல்லது. இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் இராணுவம் யாழ் நகருக்குள் நுழையுமுன்பே வெளியேறியவர்கள்தாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அரக்கர்களை எடுத்துவிடுகிறேன். மரத்தை விட்டு வராத முனியை ஊரில் தனியே விட்டுவிட்டா போகிறோம் என்று தென்மராட்சிக்குப் போகும் வழியில் நாவற்குழிப் பக்கம் நெரிசலில் அவள் தாயிடம் கேட்பதாகச் சேர்க்கலாமா?

மறுமொழி 2:
சேர்க்கலாம். ஆனால் தாய் பதில் சொல்ல வேண்டாம். அந்த நெரிசலில் அவருக்கு அது காதில் விழுந்திருக்காது.