கான்ட்ராக்ட் முடிகிற நேரம், கையில் வேறொரு ஆஃபர்: என் மொரீஷியஸ் அனுபவம்

எபேன் சைபர்சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருட கான்ட்ராக்டில் வந்தேன். முடிவது செப்டம்பரில். ஏப்ரலிலேயே எச்.ஆரில் கேட்க ஆரம்பித்துவிட்டேன். "பா காஞ் த்ராக்கா", கவலைப்படாதீங்க, என்று சிரித்த முகமாக அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கென்ன கவலை? நம்முடைய ஆக்குபேஷன் பெர்மிட், அதாவது வெளிநாட்டவர் இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி, வேலை கொடுத்த கம்பெனியோடு கட்டிப் போட்டது. அது போனால் மனைவி, பிள்ளை இங்கே இருப்பதும் கேள்விக்குறி. கடைசி மாதம் வரை இழுத்தால் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூனில் போர்ட் லூயிஸில் ஒரு பேங்கிலிருந்து ஆஃபர் வந்தது. சம்பளம் 20 சதவீதம் கூட. கூடவே 'பதின்மூன்றாவது மாதச் சம்பளம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து மயங்க வேண்டாம். வருடக் கடைசி போனஸ் இந்த ஊரில் பொதுவாகச் சட்டப்படியே வருவதுதான். அதில் முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு முன்பே கையில் வந்துவிடும். அதைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டேன். புது கம்பெனி என்றால் எகனாமிக் டெவலப்மென்ட் போர்டில் மறுபடி பெர்மிட் விண்ணப்பம், மறுபடி ப்ரொபேஷன். பேங்குக்குச் சாதகமாக ஒன்று உண்டு: நான் குடியிருக்கும் காத்ர் போர்னில் மெட்ரோ ஏறினால் நேராகப் போர்ட் லூயிஸ். எபேனுக்கோ ரோஸ் ஹில்லில் இறங்கி மாற வேண்டும். மழை நாளில் அதன் அருமை தெரியும்!

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். மெயில் போடாமல் நேரில் நேரம் கேட்டேன்.

"சார், வேற இடத்துல ஆஃபர் இருக்கு. பதினஞ்சாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு இங்க இருக்கத்தான் விருப்பம்."

"எவ்வளவு தர்றாங்க? லெட்டரக் காட்டுப்பா."

"அது அவங்க பேப்பர், காட்டினா நல்லா இருக்காது சார். நீங்க எனக்கு என்ன எழுதித் தருவீங்கன்னு சொல்லுங்க."

பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பிறகு, "ஒரு வருஷம்தான் நீட்டச் சொல்லியிருக்காங்க, எங்கிட்ட பட்ஜெட் இல்ல" என்றார். பட்ஜெட் இல்லை என்பதை நான் நம்பினேன். பாதிப் பேருக்கு உண்மையிலேயே இருக்காது. அதனால் சம்பளத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. வேறு தலைப்பிலிருந்து வரக்கூடியவற்றைக் கேட்டேன்: இரண்டு வருட நீட்டிப்பு, வருடம் ஒருமுறை குடும்பத்துக்குச் சென்னை டிக்கெட், பெர்மிட் புதுப்பிப்புப் பேப்பரை ஜூலைக்குள் கொடுப்பதாக எழுத்தில் ஒரு வரி. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம்.

நான்கு நாள் சத்தமில்லை. பிறகு எச்.ஆர் அம்மாவே என் சீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் சரி, பெர்மிட் வரியும் சரி, டிக்கெட் எனக்கு மட்டும், சம்பளம் 8 சதவீதம் கூட. மனைவியிடம் சொன்னதும், "அந்த 20 சதவீதத்த விட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பையன் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது; பெர்மிட் நடுவில் தொங்கினால் அவனை எங்கே கொண்டுபோய் விடுவது என்று பேசிப் பேசித்தான் கையெழுத்துப் போட்டேன். தனி ஆளாக இருந்திருந்தால் பேங்குக்குப் போயிருப்பேன்.

என்னோடு வாலிபால் ஆடும் திருநெல்வேலித் தம்பி ஒருத்தன் வேறு மாதிரிச் செய்தான். புது இடத்தில் வாய்வார்த்தையாக 'வந்துடுங்க' என்றதுமே இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டான். நோட்டீஸ் முடிந்தது, புது பெர்மிட் வரவில்லை. வீட்டு வாடகை நிற்குமா? புது கம்பெனியில் கேட்டால் பேப்பர் போயிருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான். வேலை கடைசியில் கிடைத்தது, ஆனால் அந்த இடைவெளிக்குச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை. புது பெர்மிட் கைக்கு வருவதற்கு முன் ராஜினாமா வேண்டாம் தம்பிகளா.

பேங்குக்கு 'இல்லை' என்பதை போனில் சொன்னேன். தீவு சின்னது, இன்றைக்கு மறுத்தவரை ஞாயிற்றுக்கிழமை பகத்தெல் மாலில் தள்ளுவண்டியோடு எதிரில் பார்க்கத்தான் வேண்டும். போனில் பேசிய பேங்க் அம்மா வருத்தப்படவில்லை. இரண்டு வருடம் எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.