எந்தப் பந்தயத்துக்கும் இல்லாமல் சும்மா ஓடுபவர்கள் இங்கே யாராவது உண்டா?

தெப்பக்குளத்தான்:
மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் ஓடுகிறேன். நாலு சுற்று, சில நாள் மூன்று. செவ்வாய், வெள்ளியில் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் இருந்தால் வளைந்து நெளிந்து போக வேண்டியிருக்கும். வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கையை வீசி நடக்கும் ரிட்டயர்டு வாத்தியார்கள் இரண்டு பேர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே என் கூட வந்துவிடுவார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஓடுகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "எந்த மாரத்தான்?", "10 கிலோமீட்டர் எவ்வளவு நேரம்?", இல்லாவிட்டால் "எத்தனை கிலோ குறைஞ்சுது?". என் மச்சான் ஜனவரியில் சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார், இலக்கு இல்லாவிட்டால் சீக்கிரம் சலித்துவிடுமாம். வருஷக்கணக்கில் ஓடுபவர்கள் சொல்லுங்கள், சலிக்குமா?

உப்புக்காற்று:
ஓட்டம் சலிக்காது. கணக்கு வைப்பதுதான் சலிக்கும். நான் பெசன்ட் நகர் பக்கம். ஒரே எலியட்ஸ் கடற்கரை, ஒரே ஷ்மிட் நினைவு மண்டபம், ஆனால் மே மாதத்தில் விடியும் முன்பே பனியனைப் பிழியலாம் என்கிற அளவுக்குப் புழுக்கம், அதே இடத்தில் ஜனவரியில் ஓடினால் கால் தானாகப் போகிறது. மார்கழியில் நான் கடற்கரையை விட்டுவிட்டுத் தெருக்களுக்குள் ஓடுவேன். அரிசி மாவு ஈரம் காயாமல் தெருவை அடைத்துக் கோலம் கிடக்கும், போட்டவர் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். ஓரமாக ஒதுங்கி எட்டு வைத்துத் தாண்டினால் ஒரு சின்னச் சிரிப்பு கிடைக்கும். வாட்ச்சில் இதெல்லாம் பதிவாகாது, அங்கே "வேகம் குறைந்தது" என்றுதான் வரும்.

இன்னொன்று, முதல் பத்து நிமிஷத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூச்சும் இதயமும் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை எல்லாருக்கும் கனமாகத்தான் இருக்கும். அதைத் தாண்டி ஒரு இடத்தில் உடம்பு இளகும் பாருங்கள், அதற்காகத்தான் நான் ஓடுகிறேன்.

ரேஸ்கோர்ஸ்வாசி:
மச்சானை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட வேண்டாம் சார், நான் அவர் கட்சி. கோவை ரேஸ்கோர்ஸில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. போட்டித் தேதி ஒன்று இல்லாவிட்டால் மழைக்காலத்தில் நான் போர்வையை விட்டு எழவே மாட்டேன். 42 கிலோமீட்டரை முடிப்பதில் இருக்கும் சந்தோஷம் வேறு ரகம், அதைச் சுவைக்காமலே வேண்டாம் என்று சொல்வது சரியில்லை. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன், மாரத்தான் பயிற்சியிலேயே பெரும்பகுதி நீங்கள் ஓடுகிற மாதிரி மெதுவான ஓட்டம்தான். மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. கென்யாவின் முன்னணி வீரர்களே லேசான ஓட்ட நாளில் ஆரம்பிக்கும்போது நம்மைப் போலத்தான் கால் தேய்த்துக்கொண்டு போகிறார்கள். அதனால் வாத்தியார்களை விட்டுவிடாதீர்கள்.

திருச்சிக்காரி:
சலிப்பா? எனக்கு அந்த யோசனை வரவே நேரம் இல்லை. அண்ணா ஸ்டேடியத்தில் ஓடுகிறேன், வெளியே தெருவில் ஓடினால் ஒருத்தன் பைக்கைக் கூடவே உருட்டிக்கொண்டு வருவான், டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்க்கும், அந்தத் தொல்லையே வேண்டாம் என்று. சுடிதாரில்தான் ஓடுகிறேன், துப்பட்டா குறுக்கே கட்டு, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் யாரும் என்னிடம் காபி கேட்க மாட்டார்கள், சாக்ஸ் எங்கே என்று கத்த மாட்டார்கள், குக்கர் எத்தனை விசில் என்று எண்ண வேண்டாம். இதற்கு மேல் எனக்கு இலக்கு வேறு வேண்டுமா? அண்ணன்கள் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், அதை முதலில் அனுபவியுங்கள்.

உப்புக்காற்று:
@திருச்சிக்காரி நான் தெருக்களைப் பற்றி அத்தனை ஆசையாக எழுதினேன், அந்தத் தெருவே உங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது உறைக்கிறது.

அரைவைத்தியர்:
ஓடி முடித்ததும் வரும் அந்த லேசான மிதப்புக்கு, வலியைக் குறைக்க உடம்பு சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 2021ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் எண்டார்ஃபின் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஓட விட்டுப் பார்த்தார்கள், அப்படியும் மிதப்பு வந்தது. உடம்பு தானே சுரக்கும், கஞ்சாவில் இருப்பதைப் போன்ற எண்டோகன்னாபினாய்டுகள் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அங்கே அவர்கள் ஓடியது மிதமான வேகத்தில் 45 நிமிஷம். பதக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

மேலமாசி:
நானும் மதுரைதான். கோயில் பழக்கத்தில் தெப்பக்குளத்தை வலமாகவே சுற்றுகிறீர்களா? ஒரு நாள் இடமாக ஓடிப் பாருங்கள். சாலை ஒரு பக்கம் சாய்வாக இருந்தால் எப்போதும் ஒரே காலுக்குச் சுமை விழும், மாற்றி ஓடினால் முழங்காலுக்கு நல்லது. அப்புறம், இத்தனை நாள் முதுகை மட்டும் பார்த்தவர்கள் எல்லாம் எதிரே வருவார்கள். ஒரே கஷ்டம், சுற்றுக்குச் சுற்று வணக்கம் சொல்லியே மூச்சு வாங்கும்.