இரவில் டொக்டருக்குக் கோல் எடுக்கக் கை நடுங்குது

புதுத்தாதி:
திருகோணமலைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்து 2 மாதம். முந்தநாள் இரவு 2 மணிக்கு ஒரு ஐயாவுக்குப் பிரஷர் 84/50. கோல் எடுத்து, "சொறி சேர், சொறி" என்று இழுத்தேன். சிறுநீர் எவ்வளவு போனது என்று கேட்டார். தெரியவில்லை. பார்த்துவிட்டு எடு என்று வைத்துவிட்டார். அவருக்குத் தமிழ் வராது, என் சிங்களமும் அரைகுறை. இப்போது போனைக் கண்டாலே வயிறு கலங்குது.

உப்புவெளி அக்கா:
தங்கச்சி, சொறியை விடுங்கோ. டிக்கெட்டை, அதுதான் நோயாளியின் குறிப்பேட்டை, கையில் வைத்துக்கொண்டு எடுங்கோ. முதல் வசனத்திலேயே கட்டில் நம்பர், பிரஷர், நாடித்துடிப்பு. அப்புறம் என்ன வருத்தத்துக்கு வந்தவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டொக்டர் என்ன செய்ய வேணும். இதைத்தான் எஸ்பார் (SBAR) என்பார்கள். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்த முறை, நேவி ஊரான நமக்குப் பொருத்தம்தான்! "வந்து பாருங்கோ சேர்" என்பதை மட்டும் சிங்களத்தில் பாடமாக்குங்கோ.

பழைய வார்ட்:
மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்லுங்கள். போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுதான். நான் "வன், ஃபைவ்" என்று பிரித்தே கேட்பேன். எரிச்சல்படுவார், படட்டும்.

புதுத்தாதி:
சரி அக்கா. இன்றும் நைட்தான். கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்த்துவிட்டுத்தான் போனைத் தொடுவேன்.