பிசான அறுப்பு வயலில் மூன்று ஆடுகள் செத்துவிட்டன: துள்ளுமாரியா, பூச்சிமருந்தா?

மானூர் கிடைக்காரன்:
62 செம்மறிகள் வைத்திருக்கிறேன். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய் வயல்களில், எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்து, கிடை போட்டிருக்கிறேன். நேற்று விடிந்து பார்த்தால் மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. மூன்றும் மந்தையிலேயே கொழுத்தவை. அதில் ஒரு கிடாய்க்கு முன்பணம்கூட வாங்கிவிட்டேன். இன்னும் ஒன்பது மேயாமல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. இடப்பக்க வயிறு பருத்திருக்கிறது. அமுக்கினால் தண்ணீர்க் குடம்போல் தளும்புகிறது. கழிச்சலில் புளித்த நாற்றம். உடனிருக்கும் பெரியவர், ஆட்டைத் திடீரென்று சாய்க்கும் துள்ளுமாரி நோய் என்கிறார். வயல்காரர் அறுப்புக்கு முன் மருந்தடித்திருக்கிறார், எனக்கு அதில்தான் சந்தேகம். தடுப்பூசி வாங்கிப் போட்டுவிடலாமா?

நாங்குநேரி அக்கா:
தம்பி, வயல்காரரோடு சண்டைக்குப் போகுமுன் ஒரு குச்சியை எடுத்துக் கழிச்சலைக் கிளறிப் பாருங்கள். முழு நெல் கிடக்கிறதா? அறுப்பு இயந்திரம் நெல்லைக் கொட்டிய இடத்தில் ஆடுகள் நின்றனவா?

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே ஏழு ஆடுகளைக் கொன்றவள். ஐப்பசி அடைமழை, இரண்டு நாளாக மேய்ச்சல் இல்லை. பக்கத்துக் கல்யாண வீட்டில் ஓர் அண்டாச் சோறு மிஞ்சியது. வாயில்லாச் சீவன் பட்டினி கிடக்கிறதே என்று தொட்டியில் கொட்டினேன். முட்டி மோதி முன்னால் வந்து தின்றதெல்லாம் வலுத்த ஆடு. மறுநாள் செத்ததும் அவைதான். நோஞ்சான் எல்லாம் பிழைத்துக்கொண்டது. உங்கள் மந்தையிலும் கொழுத்தது போனது அதனால்தான் இருக்கும்.

ஆட்டின் பெருவயிற்றை ஒரு மாவுப்பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லும் வைக்கோலும் அதில் மெதுவாகப் புளிக்கும். நெல்லோ சோறோ ஒரேயடியாக விழுந்தால் பானை பொங்கி, உள்ளே லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். அந்த அமிலம் உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கும். நீங்கள் கேட்ட தளும்பல் அதுதான். உள்ளே குளம், வெளியே வறட்சி. கண் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்து வண்டியை வரச் சொல்லுங்கள். அதற்குள் ஒவ்வோர் ஆட்டுக்கும் 20 கிராம் அளவு சமையல் சோடாவை, ஆப்பத்துக்குப் போடுவோமே அதை, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சலவைச் சோடாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு கண் மட்டத்துக்கு மேல் ஏறக் கூடாது. படுத்துவிட்ட ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது ஊசிக்காரர் வேலை. தீனி என்றால் காய்ந்த வைக்கோல் மட்டும். யாராவது கடலை எண்ணெய் பாட்டிலோடு வருவார்கள். அது நுரைகட்டிய உப்புசத்துக்கு, இதற்கில்லை.

ராமையன்பட்டி மாணவன்:
கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். அக்கா சொல்வது சரி, ஆனால் பெரியவரையும் தள்ளிவிட முடியாது. செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் கிளாஸ்டிரிடியம் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். துள்ளுமாரி அதுதான். இரண்டுக்கும் வாசல் ஒன்றே. துள்ளுமாரியில் ஆடு துள்ளி விழுந்து, தலையைப் பின்னால் வளைத்து, சில மணி நேரத்தில் இறந்துவிடும். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது நெல் தின்ற ஆடாகத்தான் இருக்கும். செத்த மூன்றும் எதனால் என்பதை அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். துள்ளுமாரியானால் சிறுநீரகம் கூழாகக் குழைந்திருக்கும். மருத்துவர் இல்லாமல் நீங்கள் அறுக்காதீர்கள். வாயிலோ மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும்.

தடுப்பூசி இன்று போட்டால் இன்று காக்காது. இதுவரை போடாத ஆட்டுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரண்டாவது ஊசியும் வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. நோயில் நிற்கும் ஒன்பதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

மானூர் கிடைக்காரன்:
அக்கா, குச்சியால் கிளறினேன். நெல்தான். மேய்க்கும் பையனை அதட்டிக் கேட்டதில், வண்டியில் நெல் ஏற்றிய இடத்தில் ஆடுகளை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் தூங்கியதாக ஒத்துக்கொண்டான். வயல்காரரிடம் நேற்றே இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். இப்போது அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

நாங்குநேரி அக்கா:
விழித்துத்தான் ஆக வேண்டும், கிடைக்கூலி அவரிடம்தானே இருக்கிறது! அந்தக் கூலியை நெல்லாகத் தந்தால் மூட்டையைக் கிடைக்குப் பக்கத்தில் இறக்காதீர்கள். புது வயலில் இறங்கும்போது காலையில் வைக்கோலால் பாதி வயிற்றை நிரப்பிவிட்டு, முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். சினையாட்டை இன்னும் நிதானமாக.

மானூர் கிடைக்காரன்:
மூன்றாம் நாள் எழுதுகிறேன். ஒன்பதில் ஏழு அசைபோடுகின்றன. ஒன்று போய்விட்டது. இன்னொன்றுக்கு மருத்துவர் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார். காதைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறது. செத்த ஆட்டை அறுத்துப் பார்த்ததில் பெருவயிறு முழுக்க நெல், சிறுநீரகம் குழையவில்லை. பெரியவர் இன்னும் துள்ளுமாரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிடாய்க்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் மானூருக்குப் போகிறேன்.